கோடு காத்த அம்மையார்

நெல்லிப்படுகை உமைபங்கர் கோயிலின் பிராகாரத்தை முப்பது ஆண்டுகளாகக் கூட்டிவந்தவர் ஞானாம்பாள் அம்மையார். இட்லி சுட்டு விற்று வயிறு வளர்த்தவர். விடியலில் கோயில் குளத்தில் பயத்தமாவு தேய்த்து மூன்று முழுக்குப் போட்டு, நீறு பூசிய பிறகே துடைப்பத்தைத் தொடுவார். முழுக்குப் போட்டுக் கூட்டினால்தான் அது திருப்பணி, இல்லாவிட்டால் வெறும் வேலை என்பது அவர் எண்ணம். பிடிவாதக்காரர்தாம், பிடிவாதம் இல்லாத அடியார் யார்?

உமைபங்கர் ஒரே கல்லில் நிற்பவர். வலப்பாதி ஈசன், இடப்பாதி உமை.

அம்மையாரின் ஐம்பத்தெட்டாம் வயதில் வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி கண்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் மார்பையே அறுத்து எடுத்தார்கள். புண் ஆறியதும் கதிர் சிகிச்சை வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"அதான் எடுத்தாச்சே தாயி, இன்னும் எதுக்கு?"

"பெருக்குன எடத்துலயும் மூலையில தூசி ஒட்டியிருக்கும்லம்மா? கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருந்தா நோய் திரும்ப வந்துரும். அந்த மிச்சத்தைத்தான் கதிர் அழிக்கும். மொத்தம் இருபத்தஞ்சு நாளு."

தோலில் ஊதா மையால் கோடுகள் போட்டார்கள். அந்தக் கோட்டின்படிதான் கதிர் இறங்கும். அழியக் கூடாது, தேய்க்கக் கூடாது, திருநீறுகூட அங்கே படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மையார் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் மறுநாள் விடியலில் கால்கள் பழக்கத்தில் குளத்தில் இறங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் மேல்துணியை விலக்கியபோது கோடு ஒன்றையும் காணோம்.

மறுபடி அளந்து கோடு போட ஒரு வாரம் போயிற்று. "கோடு தப்பினா கதிர் நுரையீரல்ல படும். இப்படி நாளைத் தள்ளிக்கிட்டே போனா நோய் முந்திக்கும்மா," என்று டாக்டரம்மா கண்டித்தார்.

அன்று மாலை அம்மையார் சன்னிதியில் நின்று அழுதார். முழுக்கை விட்டால் பணி போயிற்று. கோட்டை விட்டால் உயிர் போயிற்று. "நீ குடுத்த ஒடம்பு. இது இருந்தாத்தானே ஒனக்குக் கூட்ட முடியும்," என்றார். ஆனாலும் முழுக்கில்லாமல் கோயிலுக்குள் வருவதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். மறுநாள் முதல் ஈரத்துணியால் முகமும் கைகாலும் துடைத்துக்கொண்டு, கோபுரத்துக்கு வெளியே தெருவைக் கூட்டினார். கூட்டிவிட்டுப் பஸ் ஏறுவார்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? "கரண்டு வச்ச ஒடம்பு. கிட்டப் போனா நமக்கும் ஒட்டிக்கும்," என்று பூக்காரி மங்களம் கூடையை நகர்த்திக்கொண்டாள். கதிர் அந்த அறையோடு சரி, யாருக்கும் ஒட்டாது என்பது அம்மையாருக்குத் தெரியும். வாதாடாமல், கூடை இருந்த இடத்தையும் சேர்த்துக் கூட்டினார். "குளிக்காம வாசல்ல வந்து நிக்கறாளே," என்று சாம்பசிவ குருக்களும் முகம் சுளித்தார். நான்காம் வாரம் தோல் கறுத்து எரிந்தது. சோர்வு தாங்காமல் மதிலைப் பிடித்துக்கொண்டு கூட்டினார். ஒரு நாளும் விடவில்லை.

இருபத்தைந்தாம் நாள் காலை, அபிஷேகம் செய்துகொண்டிருந்த குருக்களின் கை அப்படியே நின்றது. சுவாமியின் வலப்பக்க மார்பில், நேற்றுவரை இல்லாத ஊதாக் கோடுகள்! தண்ணீர் விட்டார், தேய்த்தார், போகவில்லை. பதறிப்போய் வெளியே ஓடிவந்தார். குனிந்து கூட்டிக்கொண்டிருந்த அம்மையாரின் கழுத்தோரம் அதே ஊதாக் கோடு தெரிந்தது.

"இது என்னம்மா?"

"ஆஸ்பத்திரில போட்டது சாமி. அழியக் கூடாதுன்னாங்க. அதான் கொளத்துல எறங்கல."

குருக்களுக்கு அப்போதுதான் உறைத்தது. வலப்பக்கம் மார்பின்றி, இடப்பக்கம் மார்போடு நிற்கும் இவர் உருவமும் உள்ளே நிற்பவர் உருவமும் ஒன்றே. குருக்கள் கைகூப்பினார். "சுவாமியே கோடு அழியப்படாதுன்னு நிக்கறார். நீங்க வெளியில நிக்கலாமா? உள்ள வாங்கோம்மா."

மங்களம் கூடையோடு எழுந்து வழிவிட்டாள். சன்னிதியில் அந்தக் கோடுகளைக் கண்ட அம்மையார் கும்பிடவும் மறந்தார்.

"ஒனக்கும் எரியுதா சாமி?" என்று மட்டும் கேட்டார். பிறகு, கடைசிக் கதிருக்கு நேரமாயிற்று என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

அவர் தோலில் கோடு மறைந்த அன்று சுவாமியின் கோடும் மறைந்தது என்பார்கள். உடம்பைக் காப்பதும் உமைபங்கர் பணியே என்று காட்டிய அந்த அம்மையாருக்கும், அவர் கைத் துடைப்பத்துக்கும் நம் வணக்கம்.