தவளைக் காவல்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லவில்லை. அந்த நாட்டில் இந்திரகீர்த்தி என்று ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அது அவரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் சீனத்துக் கப்பலில் வந்த துறவி ஒருவர் அரண்மனையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றுமே செய்யாமல் தன் வேலையை முடிக்கிறவனே ஞானி. தான் ஞானி என்பது அவனுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி ஒரு ஆளைப் பார்த்தே ஆகவேண்டும்.

இதைக் கேட்டதும் ஆஸ்தான பண்டிதர் வித்யாதரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விகடகவி வெள்ளியம்பலத்தை ஒழித்துக்கட்ட அவர் ஆறு வருடமாக வழி தேடிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, இப்படிப்பட்ட அரிய பணிக்கு வெள்ளியம்பலத்தை விட்டால் வேறு ஆள் ஏது? மூன்று நாள் போதும். முடியாவிட்டால் வெறும் வாய்ச்சவடால் என்று தெரிந்துவிடும். அப்புறம் இந்த நாட்டில் அவருக்கு என்ன வேலை?"

"நல்ல யோசனை" என்றார் ராஜா. "வெள்ளியம்பலம், மூன்றாம் நாள் மாலைக்குள் அந்த மனிதனைக் கொண்டு வா. இல்லையேல் குடும்பத்தோடு எல்லையைக் கடந்துவிடு."

வெள்ளியம்பலத்தின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். எல்லைக்கு மாட்டுவண்டியில் எட்டு நாள் பயணம். வாயைத் திறந்தால் ஊரையே சிரிக்க வைக்கிறவர் அன்றைக்குச் சிரிக்காமல் தேடக் கிளம்பினார்.

இரண்டு நாள் மடம் மடமாக அலைந்தார். ஒன்றும் செய்யாத ஆட்கள் ஏராளமாகக் கிடைத்தார்கள். ஆனால் அவர்களுடைய வேலை எதுவும் முடிந்திருக்கவில்லை. தாங்கள் ஞானி என்பதும் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், அரண்மனைத் தடாகத்தின் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஐப்பசி மாதம். தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடாகத்துக்கு நேர் மேலேதான் ராஜாவின் பள்ளியறை. ராஜா மத்தியானம் தூங்கும்போது ஒரு தவளைகூடக் கத்தக் கூடாது. மூங்கில் கழியால் தண்ணீரை அடித்து அவற்றை அடக்குவதற்கென்றே மாடக்கண்ணு என்று ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அந்த மாடக்கண்ணு கழியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தான். மேலே ஜன்னலிலிருந்து ராஜாவின் குறட்டை தவளைகளோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளியம்பலம் பதறிப்போய் அவனை உலுக்கினார். "அடப்பாவி, தலை போயிடும்டா. எந்திரிச்சுத் தண்ணிய அடி."

"அடிச்சா ராசா முழிச்சுக்குவாரு சாமி" என்று சொல்லிவிட்டு மாடக்கண்ணு திரும்பிப் படுத்தான்.

வெள்ளியம்பலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இவனைச் சபைக்குக் கூட்டிப்போனால் தன் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வேலை நேரத்தில் தூங்கியவன் கழுத்து என்ன ஆகும்?

அதனால் சாயங்காலம் சபையில் நுழைந்ததுமே, தான் கொண்டுவந்தவன் எதைச் சொன்னாலும் அவன் உயிருக்கு ஆபத்தில்லை என்று ராஜாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பண்டிதரும் சும்மா இருக்கவில்லை. வாசலிலேயே மாடக்கண்ணுவை மடக்கி, "நீ மகா ஞானியப்பா" என்று மூன்று தடவை காதில் ஓதியிருந்தார். தெரிந்துவிட்டால்தான் ஞானி இல்லையே.

பண்டிதரே ஆரம்பித்தார். "நீ ஞானியா?"

"ஆமாஞ் சாமி."

பண்டிதர் சால்வையைச் சரிசெய்துகொண்டு சபையைச் சுற்றிப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ராஜா.

"இந்தச் சாமிதான் வாசல்ல வச்சுச் சொன்னாரு. படிச்சவரு பொய் சொல்லுவாரா? ஆனா எம் பொண்டாட்டி என்னை முட்டாப்பயன்னுதான் சொல்லுவா. சாமி என்னை இப்பத்தான் பாக்குறாரு. அவ இருவது வருசமாப் பாக்குறா. அவ சொல்றதுதான் சரியா இருக்கும்."

பண்டிதரின் கை சால்வையிலேயே நின்றுவிட்டது.

"உன் வேலை என்ன?" என்றார் ராஜா.

"மத்தியானத்துல தவளை வெரட்டுறதுங்க."

"நன்றாகத்தான் செய்கிறாய். பத்து வருடமாக ஒரு தவளைச் சத்தம்கூட என் காதில் விழுந்ததில்லை."

"நான் வெரட்டுறதில்லீங்களே."

சபை திடுக்கிட்டுப்போயிற்று. சேனாதிபதியின் கை வாளுக்குப் போயிற்று. கொடுத்த வாக்கு ராஜாவுக்கு நினைவிருக்கிறதா என்று வெள்ளியம்பலம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடக்கண்ணு தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். "மொத வருசம் வெளுத்துக் கட்டுனேன். தெனமும் தண்ணிய அடிக்கிற சத்தத்துல தூக்கம் கெட்டுதுன்னு ஏச்சு வந்துச்சு. ஒரு நாள் காய்ச்சல், எந்திரிக்க முடியல. அன்னிக்கு ராசா அசந்து தூங்குனாருன்னு ராணியம்மா எனக்கு வேட்டி குடுத்தனுப்புனாங்க. அதுலேருந்து நான் அடிக்கிறதில்ல."

"அப்படியானால் தவளைகளை அடக்கியது யார்?"

"யாரும் அடக்கலீங்க. இப்பவுந்தான் கத்துதுங்க."

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. தடாகத்துப் பக்கமிருந்து நூறு நூறாகத் தவளைகள், கொஞ்சமும் ஓயாமல். இத்தனை வருடமும் இதன் நடுவில்தான் தூங்கியிருக்கிறோம் என்று புரிந்ததும் ராஜாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

அவர் எழுந்து வந்து மாடக்கண்ணுவின் தோளைத் தொட்டார். "இனி நீ தடாகத்துக்குப் போக வேண்டாம். என் பக்கத்தில் உனக்கு ஓர் ஆசனம் தருகிறேன்."

அதுவரை எதற்கும் அசையாத மாடக்கண்ணு இப்போது நடுங்கிப்போனான். "அப்போ அந்த வேலைக்கு?"

"வேறு ஒருவனை வைத்துக்கொள்கிறோம்."

"வேண்டாம் ராசா" என்று மாடக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டான். "புதுசா வர்றவன் வேலை செஞ்சுபுடுவான்."

ராஜா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் சரிந்து பண்டிதரின் காலடியில் போய் விழுகிற அளவுக்குச் சிரித்தார். அந்தச் சத்தத்தில் தடாகத்துத் தவளைகள்கூடக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டன. வெள்ளியம்பலத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, அவர் வீட்டுக்கு அரண்மனை மருத்துவச்சியையும் அன்றே அனுப்பிவைத்தார். மாடக்கண்ணுவுக்கு அவன் கேட்டபடியே தடாகம் கிடைத்தது, ஆயுசுக்கும்.