வட்டத்துக்கு வெளியே இருவர்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குச் சண்டை போட்டு அலுத்துப்போயிருந்த ஒரு காலத்தில், அதிரூபவர்மன் என்றொரு ராஜா இருந்தார். அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். அந்தக் காலத்தில் ஏது கிரிக்கெட் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்; எனக்குக் கதை சொல்லத்தான் தெரியும், சாட்சி கூப்பிடத் தெரியாது.

ராஜா மட்டையைப் பிடித்துப் பதினோரு வருஷமாகியும் ஒரு தடவைகூட அவுட் ஆனதில்லை. எப்படி ஆவார்? அவர் அடித்த பந்து கைக்கு வந்தால் மந்திரிக்குத் தும்மல் வரும், தளவாய்க்குக் கால் இடறும். போதாததற்கு, வெயிலுக்குப் பயந்து எல்லாரும் எல்லைக்கோட்டோரம் வேப்பமர நிழலில் ஒதுங்கிக்கொள்வார்கள்.

"இது என்ன ஆட்டம்? முதல் பத்து ஓவருக்காவது என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்" என்று ராஜா ஒருநாள் சலித்துக்கொண்டார்.

தளவாய் திருமேனிநாதர் இதற்குத்தான் காத்திருந்தார். சபையின் விகடர் வெள்ளியம்பலத்தின்மீது அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். அரண்மனை வேலையாட்களைச் சேர்த்து வெள்ளியம்பலம் ஓர் அணி வைத்திருந்தார். மறுநாள் ராஜாவின் அணியோடு அவர்களுக்கு ஆட்டம். வட்டமாக ஒரு கோடு போட்டுவிட்டால் அவர்களில் ஒருவனாவது மறந்துபோய் அதைத் தாண்டுவான், விகடரையும் சேர்த்துத் தொலைத்துவிடலாம் என்று தளவாய் தம் கையாலேயே ஓலை எழுதினார்.

"ஆடுகளத்தில் ஒரு வட்டம் போடப்படும். முதல் பத்து ஓவர் முடியும்வரை வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டுமே இருக்கலாம். அதற்கு மேல் எவர் இருந்தாலும், அவரும் அவருடைய தலைவரும் பொழுது சாய்வதற்குள் நாடு கடத்தப்படுவர்."

ராஜா படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை வைத்தார். ராஜாக்கள் அப்படித்தான்.

மறுநாள் ஒன்பதாவது ஓவரில் ராஜா ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். வட்டத்துக்குள் நின்றிருந்த ஒச்சப்பன் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடினான். அவன் யானைக்கொட்டிலில் தீவனம் போடுகிறவன். வண்டியிலிருந்து வீசும் சோளத்தட்டைக் கட்டுகளைத் தினமும் பிடித்துப் பழகிய கை. அவனுக்குத் தும்மலும் வரவில்லை, காலும் இடறவில்லை. வட்டத்தைத் தாண்டிப் போய்ப் பந்தைப் பிடித்தேவிட்டான்.

ராஜா மட்டையும் கையுமாக நின்றார். அவுட் ஆனால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தலில் இருந்த தளவாய் துள்ளி எழுந்தார். "மகாராஜா! வெளியே ஏற்கெனவே இருவர் நிற்கிறார்கள். இவன் மூன்றாமவன். இவனும் இவன் தலைவர் வெள்ளியம்பலமும் நாட்டை விட்டுப் போக வேண்டும்!"

"பந்து வீசும்போது அவன் உள்ளேதானே நின்றான்?" என்றார் ராஜா.

"ஓலையில் அப்படி இல்லை, மகாராஜா. எழுத்துக்கு எழுத்து அதன்படியே நடக்க வேண்டும். ஒரு கணம் இருந்தாலும் இருந்ததுதான்."

ஒச்சப்பன் ஓடிவந்து வெள்ளியம்பலத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "சாமி, வீட்டுல நெறமாசமா இருக்கா. இந்த நெலமையில அவளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? என்னால ஒங்களுக்கும் இப்படி ஆயிப்போச்சே!"

வெள்ளியம்பலம் அவன் தோளில் கை வைத்தார். போன ஐப்பசியில் அவர் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது சபையில் ஒருவர்கூட வாசலை மிதிக்கவில்லை. பத்தொன்பது நாள் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவன் இந்த ஒச்சப்பன்தான். இவனைக் கைவிட்டால் நான் மனிதனா என்று நினைத்துக்கொண்டு ராஜாவை வணங்கினார்.

"தளவாய் சொல்வது முற்றிலும் சரி, மகாராஜா. நாங்கள் புறப்படுகிறோம். கூட வருகிறவர்களை மட்டும் எண்ணிக்கொள்கிறேன்." பந்தல் பக்கம் விரலை நீட்டினார். "மூன்று, ஒச்சப்பன். நான்கு, தளவாய். ஐந்து, பொக்கிஷதார். ஆறு, அரண்மனை வைத்தியர்..."

"நாங்கள் பந்து பிடிக்கிறவர்கள் இல்லையே! ஆட்டம் பார்க்கிறவர்கள்!" என்று பதறினார் தளவாய்.

"ஓலையில் அப்படி இல்லை, தளவாய் அவர்களே. 'எவர் இருந்தாலும்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பத்து ஓவரும் இன்னும் முடியவில்லை."

அவ்வளவுதான், பந்தல் காலி. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபை மொத்தமும் வட்டத்துக்குள் ஓடியது. பொக்கிஷதார் பாதி வடையோடு ஓடினார். வைத்தியர் ஸ்டம்பின் மேல் விழுந்தார்.

"ஓடி என்ன பயன்? ஒரு கணம் இருந்தாலும் இருந்ததுதானே?" என்றார் வெள்ளியம்பலம். "அது போகட்டும். 'அவருடைய தலைவரும்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைவர் யார்?"

தளவாய் மெல்லத் திரும்பி ராஜாவைப் பார்த்தார்.

"மகாராஜா, தங்கள் தளவாய் தங்களையே நாடு கடத்திவிட்டார். வழியில் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஒச்சப்பன் அருமையாகக் கஞ்சி காய்ச்சுவான். உப்புதான் கொஞ்சம் குறையும்."

வட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்ற சபையைப் பார்த்தார் ராஜா. சிரிப்பு பீறிட்டது. மட்டையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஒச்சப்பனைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒச்சப்பா, பதினோரு ஆண்டுகளாக என்னோடு யாருமே விளையாடவில்லை என்பது உன் கையில் பந்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "வெள்ளியம்பலம், உமக்கு ஆயிரம் பொன். வேறென்ன வேண்டும்?"

"ஓலையில் இன்னும் ஒரு வரி வேண்டும், மகாராஜா. பந்து, வீசுகிறவன் கையை விட்டுக் கிளம்பும் நேரத்துக்கு மட்டுமே இந்தச் சட்டம். அதுவும் பந்து பிடிக்கும் அணிக்கு மட்டுமே."

ராஜா அங்கேயே எழுத்தாணி வாங்கி எழுதினார். பிறகு மட்டையை ஒச்சப்பனிடம் நீட்டினார். "இனி நீ ஆடு. வெளியே நிற்கும் இருவரில் ஒருவன் நான். இன்னொருவர் தளவாய். நிழல் இல்லாத பக்கமாக நிற்கட்டும்."

மட்டையை வாங்கிக்கொண்ட ஒச்சப்பன் வெள்ளியம்பலத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சாமி, நீங்க நல்லா இருக்கணும். நாளைக்கு உப்பு சரியாப் போட்டுக் கொண்டாரேன்."

அடுத்த பந்து உயரப் பறந்தது. ராஜா வெயிலில் ஓடினார், பாய்ந்தார், பந்து விரலில் பட்டு நழுவியது. தும்மல் வரவில்லை, கால் இடறவில்லை; நிஜமாகவே நழுவியது. பட்டெல்லாம் புழுதியாகத் தரையில் கிடந்த ராஜா, பிறந்ததிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்த்துச் சிரித்தார்.