எருமை திரும்பிப் பார்த்த படம்

சுக்கம்பாளையத்துக்காரர்களுக்கு ஆண்டவன் மனசைத் தாராளமாகவே கொடுத்திருந்தான். மூளை கொடுத்த அன்றைக்கு ஊரோடு சந்தைக்குப் போயிருந்தார்கள் போல.

அந்த ஊர் பூவாயிக்கு, எருமைத் தீனிக்குச் சோளத்தட்டு அரிந்து அரிந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. அப்போதுதான் பால் சொசைட்டியில் படப்போட்டி வைத்தார்கள். மாடும் அதை வளர்ப்பவரும் ஒரே படத்தில் இருக்கணும், இரண்டு பேருக்கும் உள்ள பாசம் தெரியணும். முதல் பரிசு, தட்டு வெட்டுகிற மிஷின். "மாரியம்மா, எப்படியாவது அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துரு" என்று கும்பிட்டுக்கொண்டாள்.

அவள் தம்பி சடையன் போனில் படம் எடுத்தான். இந்த ஓரத்தில் புருஷன் நல்லதம்பி, அந்த ஓரத்தில் எருமை. டவுன் ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, "வேற வேற பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கறாங்களே. இவர் அதைப் பாக்கணும், அது இவரைப் பாக்கணும். ரெண்டு பார்வையும் நடுவுல சந்திச்சாத்தான் படம் ஒண்ணாச் சேரும்" என்றார்.

சடையன் கயிறு பிடித்து அளந்து, சரியாக நடுவில் ஒரு கரும்பை நட்டான்.

"மச்சான், பார்வை இங்கதான் சந்திக்கணும். கண்ணை எடுத்துராதீங்க."

நல்லதம்பி எடுக்கவில்லை. எருமை வந்து கரும்பைத் தின்றுவிட்டுப் போன பிறகும் அந்த இடத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அது யாரைத்தான் பாக்குது?" என்றான் சடையன்.

"என்னைத்தான். பால் கறக்கறது நானாச்சே" என்றாள் பூவாயி.

"நீ குனிஞ்சுதானே கறக்கற. உன் மூஞ்சியை அது எங்க பாத்துச்சு அக்கா? அது பாக்கறது உன் சீலையை."

"அப்ப சீலையை நான் கட்டிக்கறேன்" என்றான் நல்லதம்பி. யாரும் சிரிக்கவில்லை.

பூவாயி தன் பச்சைச் சேலையை அவனுக்குக் கொசுவம் வைத்துக் கட்டி, பாதி முகம் மறைய முக்காடும் போட்டுவிட்டாள். எருமை திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான். படத்தைக் கண்ட சொசைட்டி செயலாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முதல் பரிசு அதற்குத்தான்.

பரிசு கொடுக்கும்போது, "படத்துல இருக்கற அம்மா வாங்க" என்று கூப்பிட்டார்.

எழுந்த நல்லதம்பி மறுபடி உட்கார்ந்தான். "அம்மான்னா நான் இல்லை. பூவாயி, நீ போ."

"சீலை என்னுதுங்க. படத்துல தெரியற கால் என்னுது இல்லையே. பொய் சொல்லி வாங்கினா அம்மன் விடுவாளா?"

"கால் என்னுதுதான். அதுக்காக நான் பொம்பளை ஆயிருவேனா?"

"அப்ப இந்தம்மா யாரு மச்சான்?" என்றான் சடையன். "நான்தான் எடுத்தேன். யாரும் வந்த ஞாபகமே இல்லையே."

சாயங்காலம் வரை ஊரே அந்த அம்மாவைத் தேடியது. கிடைக்கவில்லை. படத்தில் சந்தேகமில்லாமல் அடையாளம் தெரிந்தது எருமை மட்டும்தான். செயலாளரும் உள்ளூர்க்காரர்தானே, அதன் குளம்பில் மை தடவி ரசீதில் பதித்துக்கொண்டு மிஷினை அதற்கே கொடுத்துவிட்டார்.

கொட்டகையில் மிஷினை இறக்கியதும் நல்லதம்பி ஆசையாகக் கைப்பிடியைச் சுற்றப் போனான்.

"அடுத்தவங்க பொருளுங்க, தொடாதீங்க" என்று பூவாயி தடுத்தாள். "அதுக்கு வேணுங்கறதை அதுவே வெட்டிக்கும்."

அன்றிலிருந்து தட்டைக் கட்டோடு எருமை முன்னால் போட்டுவிட்டு வந்துவிடுகிறாள். எருமையும் முழுசாகவே மென்று தின்றுவிடுகிறது.

"நல்ல மிஷினுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள் பூவாயி. "வந்த நாளா எனக்குக் கை வலியே இல்லை."