மூத்தவளின் வயது

தென்காசியில் ஒரு மாடி அறையில் குழல்வாய்மொழி கம்ப்யூட்டரில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அவளுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அவளிடம் படித்த திருமலைக்குமாருக்கோ நாற்பது தாண்டிவிட்டது. மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவர். தலை நரைத்தும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சேர்ந்த அன்று, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டவளிடம் "ஒரு பையன்" என்று சொல்லியிருந்தார்.

அன்றைய பாடம் மேப். ஒரு ஃபங்ஷனை, அதாவது செய்ய வேண்டிய ஒரு வேலையை எடுத்து, ஓர் அமைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுவது. உள்ளே இருப்பது மாறும், அமைப்பு மாறாது. அவ்வளவுதான் விஷயம்.

"அவங்கவங்க குடும்பத்தை மரமா எழுதுங்க. எல்லாருக்கும் ஒரு வயசு கூட்டுங்க," என்றாள்.

மற்றவர்கள் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திருமலைக்குமார் எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்தாள்.

மூத்தவள் உலகம்மை, ஏழு. இளையவன் வேலன், ஆறு.

"உலகம்மை யாரு அண்ணாச்சி?"

"எம் மக. போன ஆடியில காய்ச்சல்ல போயிட்டா. ஆறு வயசு." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வாய் ஒண்ணுன்னு சொல்லிப் பழகிட்டு. கை ரெண்டுன்னு எழுதிட்டு. இப்ப இது அவளுக்கு ஏழுங்குது."

பிறகு அவரே மளமளவென்று ஒரு வரி எழுதி, மகளை வடிகட்டி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

மூத்தவன் வேலன், ஆறு.

முதல் இடத்தில் நிற்கும் பிள்ளையை மூத்தது என்று காட்டும்படி எழுதியவர் அவர்தான். இருந்தும் அந்த வரியை அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"வடிகட்டுனா ஆளும் போவும், இடமும் போவும் அண்ணாச்சி."

"அப்ப நான் என்னதான் செய்ய? வச்சா வளந்துருதா. எடுத்தா இல்லாமப் போயிருதா."

குழல்வாய்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வயது என்பதை இரண்டு வகையாகப் பிரித்து எழுதினாள்: ஓடும் வயது, நின்ற வயது. ஓடுவதில் ஒன்று கூடும். நின்றதை மேப் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். உலகம்மையைப் பழைய இடத்திலேயே வைத்தாள். நின்ற வயது எத்தனை என்று எழுதுவதை மட்டும் அவரிடம் விட்டாள்.

அவர் ஆறு என்று எழுத வெகுநேரம் ஆனது. எழுதி, ஓட்டினார்.

மூத்தவள் உலகம்மை, ஆறு. இளையவன் வேலன், ஆறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, வந்த விடையின் மேலேயே இன்னொரு முறை ஓட்டினார். மகள் ஆறிலேயே இருந்தாள். மகனுக்கு ஏழு.

"டீச்சர்." அவள் பக்கம் திரும்பினார். "இன்னும் ரெண்டு வருசத்துல தம்பி அக்காவத் தாண்டிருவானே. இது தப்பில்லையா?"

"தாண்டத்தான் செய்வான் அண்ணாச்சி. வயசுல பெரியவனாவான். மூத்தவனாவ மாட்டான்."