மேகம் நுழைந்த வகுப்பு

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இரண்டு அறைகள் கொண்ட பள்ளிக்கூடம். தலைமையாசிரியை ஜெபராணிக்கு முப்பது வயது. ஒன்றாம் வகுப்பு அவருடையது. இரண்டாம் வகுப்பு எடுக்கும் தணிகாசலம் பதிவு மூப்புக்குக் காத்திருந்து, தலை நரைத்த பிறகு வேலைக்கு வந்தவர். தன்னைவிட இளையவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவருக்கு வெட்கம் இல்லை.

ஒரு நாள் காலை அவர் கேட்டார்.

"டீச்சர், சுடர்மணி இனி உங்க வகுப்புல உட்காரட்டுமா?"

"ஏன் சார்?"

"வாசிக்க வரலை. மத்த பிள்ளைங்க பலகையைப் பார்த்து மடமடன்னு வாசிக்குதுங்க. இவ ஒருத்தி எழுத்தெழுத்தா ஊர்றா. எனக்கு வேற வழி தெரியலை."

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்தே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

தணிகாசலம் சற்றுத் தயங்கினார்.

"அவ தம்பி உங்க வகுப்புலதானே இருக்கான். அவன் பக்கத்துலயா உட்காரணும்னு கேட்டா."

ஜெபராணி எழுந்தார். "வாங்க, வாசிக்கிறதைக் கேட்போம்."

இரண்டாம் வகுப்பில் சுடர்மணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் ஒரு வாரமாக வாசிக்கும் பாடம் இருந்தது. தணிகாசலமே எழுதிய கதை.

"வாசிங்க" என்றார் தணிகாசலம்.

பிள்ளைகள் ஒரே குரலில் தொடங்கினார்கள்.

"யானை ஆற்றுக்கு வந்தது. ஆறு தூங்கிக்கொண்டிருந்தது..."

ஜெபராணி சன்னலின் தாழ்ப்பாளை நீக்கினார். வெளியே நின்றிருந்த மேகம் உள்ளே வந்தது. முதலில் மேசை மறைந்தது. பிறகு பலகை. பிறகு பிள்ளைகள். வெள்ளைக்குள் குரல்கள் மட்டும் இருந்தன.

"யானை கரையில் காத்திருந்தது. நிலா வந்து ஆற்றை எழுப்பியது..."

யானை எங்கோ மிக அருகில் நிற்பதுபோல் இருந்தது. தணிகாசலம் தன் கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் தெரியவில்லை.

குரல்களுக்கு நடுவே ஒரு சிறு குரல் கேட்டது.

"சார், பலகையைக் காணோம்."

"சொல்லுடி, சும்மா" என்றது கூடப் படிக்கும் கபிலேஷின் குரல். "நத்தை."

"நீ போடா. 'ஆறு தூங்கி' வரைக்கும்தான் வந்தேன். அதுக்குள்ள மூடிருச்சு."

சிரிப்பொலி எழுந்தது. கதை முடிந்தது. யானை தண்ணீர் குடித்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தணிகாசலம் குரல் வந்த திசையில் நகர்ந்து குனிந்தார்.

"ஒரு வாரமா வாசிக்கிறோமே. உனக்கு மனப்பாடம் ஆகலையா?"

"ஆயிருச்சு சார்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட?"

"நீங்க வாசிக்கத்தானே சார் சொன்னீங்க?"

மேகம் இருவருக்கும் நடுவே மெல்ல அசைந்தது.

கொஞ்ச நேரத்தில் அது வந்த வழியே போனது. மேசை வந்தது. ஈரம் படிந்த பலகை வந்தது. பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு, முடித்துவிட்ட முகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். சுடர்மணி மட்டும் கழுத்தை நீட்டிப் பலகையில் எதையோ தேடினாள். கிடைத்ததும் விரலை உயர்த்திக் காற்றில் வைத்துக்கொண்டாள்.

"க்... கொண்... டி... ருந்... தது."

யாரும் அவளோடு சேர்ந்துகொள்ளவில்லை. அவள் அடுத்த வரிக்குப் போனாள். யானை கரைக்கு வர வெகுநேரம் ஆயிற்று. தணிகாசலம் நின்றபடியே கேட்டார்.

பிறகு ஜெபராணியிடம் வந்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"மத்தவங்களை உங்க வகுப்புக்கு அனுப்பவா டீச்சர்?"

"அங்க அவ்வளவு இடம் இல்லையே சார்" என்றார் ஜெபராணி. "அவங்களோட நாமளும் உட்காரணுமே."