காக்கையிடம் ஒரு மன்னிப்பு

பத்தாம் வகுப்பு பெனிட்டாவும் அஃப்ரினும் கபடிப் பயிற்சி ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள். தலைமையாசிரியை வசுந்தரா தீர்ப்புச் சொன்னார்: "சாயங்காலம்வரை ஒருத்தியோடு ஒருத்தி பேசக்கூடாது. அதற்குள் சமாதானமும் ஆகணும். இல்லையென்றால் நாளை மாவட்டப் போட்டிக்கு அணியே போகாது."

பேசாமல் எப்படிச் சமாதானமாவது? அதையெல்லாம் அவர் எதற்கு யோசிக்கிறார்.

மதியம் மரத்தடியில் அஃப்ரின் சாப்பிடும்போது, பெனிட்டா கிளையிலிருந்த காக்கையைப் பார்த்து, "காக்கா, தோத்ததுக்கு அவதான் காரணம்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. மன்னிக்கச் சொல்லு" என்றாள்.

அஃப்ரினும் காக்கையிடமே, "போனாப் போகுது, பிரியாணி வேணுமான்னு கேளு" என்றாள்.

வசுந்தரா வந்து நின்றார். கூடவே துணைத் தலைமையாசிரியையும் பியூன் வேலாயுதமும்.

"பேசக்கூடாதென்றேனே?"

"காக்காகிட்டதான் மிஸ் பேசினேன். சங்கப் பாட்டில் தலைவன் காதில் விழுகிற மாதிரி தோழி வேறு யாரிடமோ பேசுவாள்னு நீங்கதானே நடத்தினீங்க?" என்றாள் பெனிட்டா.

"அது இலக்கியம். நிஜத்தில் யார் அப்படிப் பேசுவார்கள்?"

துணைத் தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அவருக்கும் வசுந்தராவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"வேலாயுதம், அந்தம்மாவைச் சிரிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார் வசுந்தரா.

"வேலாயுதம், பிள்ளைகள் போட்டிக்குப் போகலாமான்னு கேட்டுச் சொல்லு" என்றார் துணைத் தலைமையாசிரியை.

வசுந்தராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"போகட்டும்னு சொல்லு" என்றார் வேலாயுதத்திடம்.