தோணி அறைக்கு இரண்டு துளை

அந்தக் காலத்தில் பல்லிக்கும் பேச்சு இருந்தது. அதிகம் பேசாது. கேட்டால்தான் சொல்லும்.

அப்போது ஒரு தீவில் கடல் ஏறி வயல்களை அழித்தது. பின்னால் வந்த மழை உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. மண் தேறிவிட்டது, விதைக்கத்தான் ஒரு மணி நெல் இல்லை. சடையாண்டியும் அவன் மனைவி நம்பாயியும் தோணியை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள். ஊர் ஊராகக் கேட்டு மூன்று மூட்டை விதைநெல் சேர்த்தார்கள். திரும்பும்போது எதிர்க்காற்று. ஐந்து ராத்திரி கடலில் கிடக்க வேண்டியதாயிற்று.

தோணியின் பின்பக்கம் ஒரு பலகை அறை. மூட்டைகளை அதில் அடுக்கினார்கள். இருட்டியதும் நங்கூரம் போட்டு, கார்த்திகைப் பனிக்குக் கதவைச் சாத்தி, உள்ளேயே கஞ்சி காய்ச்சிக் குடித்து, நனைந்த துணியையும் உள்ளேயே கொடியில் போட்டுப் படுத்தார்கள்.

விடிந்தபோது கூரைப் பலகை முழுக்க நீர்த்துளி. மேல்மூட்டை ஈரம்.

“ஒழுகுது,” என்றான் சடையாண்டி.

கடல்காரனுக்குத் தண்ணீரைக் கண்டால் ஓட்டைதான் ஞாபகம் வரும். தேங்காய் நாரைத் திணித்து, கீல் பூசி, இடுக்கெல்லாம் அடைத்தான். மறுநாள் ஈரம் கூடியது. இன்னும் அடைத்தான்.

“கதவையும் சேர்த்துப் பூசிருங்க. ரெண்டு பேரும் உள்ளேயே கிடப்போம்,” என்றாள் நம்பாயி.

“வாய மூடுடி.”

மூன்றாம் நாள் காலையில் அவள் மேல்மூட்டைக்குள் கையை விட்டாள். நெல் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது. நிலத்தைப் பார்க்குமுன் முளைத்த நெல் வீண். ஒரு மூட்டை போயிற்று. மீதி இரண்டு. தீவில் நாற்பது வாய்.

நம்பாயி கூரையில் தொங்கிய துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்பில்ல. இது கடல் தண்ணி இல்ல.”

“மழையா இருக்கும்.”

“மழை பெஞ்சு பத்து நாளாச்சு.”

மூலையில் ஒரு பல்லி பலகையை நக்கிக்கொண்டிருந்தது. சடையாண்டி அதைப் பார்த்தான்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். உங்க மூச்சு. கஞ்சிப் பானை ஆவி. ஈரத்துணி. வெளியே போக வழியில்லாம மேலே போயி, குளிர்ந்த பலகையில தங்கிச் சொட்டுது. நீ அடைக்க அடைக்கக் கூடும்.”

“மூணு நாளாப் பாத்துட்டுத்தான இருந்த? சொன்னா என்ன?”

“நீ கேக்கல. எனக்கும் தாகம். நடுக்கடல்ல எனக்கு வேற தண்ணி ஏது?”

சடையாண்டி உளியை எடுத்தான். ஓட்டை அடைத்தே பழகிய கை. தன் தோணியில் தானே துளை போடு என்றால் வருமா? நம்பாயி சுத்தியலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்சுவரில் தரையோடு ஒன்று, பின்சுவரில் கூரையோடு ஒன்று. போட்டுவிட்டான். அடுப்பையும் ஈரத்துணியையும் வெளியே தூக்கிப் போட்டார்கள்.

அன்றிரவு பனிக்காற்று கீழே புகுந்து மேலே போயிற்று. இருவருக்கும் பல் கிட்டிக்கொண்டது. விடிந்தபோது பலகை காய்ந்திருந்தது. நெல்லும்தான்.

பல்லிக்கு நம்பாயி சிரட்டையில் தண்ணீர் வைத்தாள். அது தொடவில்லை. பலகையில் நக்கித்தான் அதற்குப் பழக்கம். பலகையில் தெளிக்கச் சொல்லி வாய் திறந்து கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. தீவு கண்ணில் பட்ட காலையில் பல்லி கீழே செத்து விழுந்து கிடந்தது. சடையாண்டி அதைக் கடலில் எறியவில்லை. துணியில் சுற்றிக் கரைக்குக் கொண்டுபோய், முதல் வயலின் வரப்பில் புதைத்தான். அப்புறம்தான் விதைத்தார்கள்.

அன்று முதல்தான் தோணி அறைக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு துளை விடுகிறார்கள். எந்தக் குளிருக்கும் அடைப்பதில்லை. படுக்குமுன் குடிதண்ணீரில் விரலை நனைத்து ஒரே ஒரு பலகையில் தெளிக்கிறார்கள்.